தணிக்கையாளர் எதைத் தேடுகிறார்? பரஸ்பர நிதியின் உள்கட்டுப்பாடுகளும் நம் சேமிப்பும்

பொதுத்தேர்வுப் பணி பார்த்த ஆசிரியர் எவருக்கும் இந்த ஏற்பாடு மனப்பாடம். வினாத்தாள் கட்டுகள் கட்டுக்காப்பு மையத்தில் இருக்கும். அவற்றைத் தேர்வு மையத்துக்குக் கொண்டுவருபவர் வழித்தட அலுவலர். பெற்றுக்கொள்பவர்கள் முதன்மைக் கண்காணிப்பாளரும் துறை அலுவலரும். அறைக்குள் உறையைப் பிரிப்பவர் அறைக் கண்காணிப்பாளர். உறை பிரிக்கப்படாமல் வந்தது என்பதற்கு மாணவர்களே கையொப்பமிடுவார்கள். அன்றைய பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அன்று அறைக் கண்காணிப்புப் பணி கிடையாது. விடைத்தாள் திருத்தும் முகாமிலும் அப்படியே. திருத்துபவர் உதவித் தேர்வாளர். திருத்தாமல் விடுபட்ட விடை உண்டா என்று பார்ப்பவர் கூர்ந்தாய்வு அலுவலர். கூட்டலை மறுபடி போட்டுப் பார்ப்பவர் மதிப்பெண் சரிபார்ப்பு அலுவலர்.

இவர்களில் எவரையும் நம்பாததால் இந்த ஏற்பாடு வந்துவிடவில்லை. களைப்பில் ஒருவர் கூட்டலில் பிழை செய்தால் அது அடுத்தவர் கண்ணில் பட வேண்டும். யாராவது வேண்டுமென்றே தவறு செய்ய நினைத்தாலும் தனியாக முடியக் கூடாது. இதுதான் நோக்கம். கணக்குத் துறையில் இதற்கு உள்கட்டுப்பாடு என்று பெயர்.

நான் பணிபுரியும் மயிலாப்பூர்ப் பகுதியிலும், பக்கத்தில் தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலும் ஓய்வூதியர்கள் மிகுதி. பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி என்று வாழ்நாள் உழைப்பின் பலன் ஒரே நாளில் கைக்கு வரும்போது அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. பரஸ்பர நிதியைப் பரிந்துரைப்பவர்கள் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “எல்லாம் தணிக்கை செய்யப்பட்டது சார், பயப்படாதீர்கள்.” சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதும் இதைப் பற்றித்தான். தணிக்கை செய்யப்பட்டது என்றால் என்ன பொருள்? தணிக்கையாளர் எதைப் பார்த்தார்? எதைப் பார்க்கவில்லை? எந்தத் திட்டத்தில் சேரலாம் என்று சொல்வது இக்கட்டுரையின் வேலை அன்று. அந்த வாசகத்துக்குள் இருக்கும் பொருளை விளக்குவதே நோக்கம்.

ஒரு நிதி, பல கைகள்

பரஸ்பர நிதியை ஒரே நிறுவனம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி 1996-இல் கொண்டுவந்த விதிமுறைகள் அதை ஐந்து கைகளாகப் பிரித்து அமைத்தன.

முதலாவது, நிதியைத் தொடங்கும் ஆதரவாளர் நிறுவனம். இரண்டாவது, முதலீட்டாளர்கள் சார்பில் அந்தச் சொத்தைக் கண்காணிக்கும் அறங்காவலர்கள். இவர்களில் மூன்றில் இரு பங்கினர் ஆதரவாளருடன் தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும். மூன்றாவது, எதை வாங்குவது, எதை விற்பது என்று முடிவெடுக்கும் சொத்து மேலாண்மை நிறுவனம். விளம்பரத்தில் நாம் பார்க்கும் பெயர் பெரும்பாலும் இதனுடையது. நான்காவது, வாங்கிய பங்குகளையும் கடன் பத்திரங்களையும் காத்து வைத்திருக்கும் காப்பாளர் நிறுவனம். ஐந்தாவது, யாருக்கு எத்தனை யூனிட் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் பதிவாளர் நிறுவனம். நாட்டின் மிகப் பெரிய பதிவாளர் நிறுவனமான கேம்ஸ் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது.

முடிவெடுப்பவரிடம் பொருள் இல்லை. பொருள் வைத்திருப்பவர் முடிவெடுப்பதில்லை. இருவரிடமும் முதலீட்டாளர் பதிவேடு இல்லை. வினாத்தாள், விடைத்தாள், மதிப்பெண் பட்டியல் ஆகிய மூன்றையும் ஒருவரே கையாளக் கூடாது என்ற நம் தேர்வு விதிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

தணிக்கையிலும் இந்தப் பிரிவினை உண்டு. சொத்து மேலாண்மை நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்பவர் ஒருவர். நம் பணம் இருக்கும் திட்டங்களின் கணக்கைத் தணிக்கை செய்பவர் அவரோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வேறொருவர். அவரை நியமிப்பவர்கள் அறங்காவலர்கள். இவர்களைத் தவிர, ஆண்டு முழுவதும் உள்ளே நடப்பதைப் பார்த்து அறிக்கை தரும் உள்தணிக்கையாளரும், கணினி அமைப்புகளை ஆராயும் தணிக்கையாளரும் உண்டு.

இரண்டு கேள்விகள்

உள்கட்டுப்பாட்டை ஆராயும் தணிக்கையாளர் ஒவ்வோர் ஏற்பாட்டிடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறார். ஒன்று, இந்த ஏற்பாடு சரியாக வகுக்கப்பட்டிருக்கிறதா? மற்றொன்று, வகுத்தபடி ஆண்டு முழுவதும் நடந்ததா?

இரண்டும் வேறு வேறு. வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் தினமும் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. மாத முடிவில் முப்பது கையொப்பங்களையும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்டுவிட்டால் ஏற்பாடு காகிதத்தில் இருக்கும், நடைமுறையில் இருக்காது. கோப்பில் கையொப்பம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நல்ல தணிக்கையாளர் நின்றுவிட மாட்டார். கையொப்பமிட்டவர் எதைப் பார்த்துவிட்டு இட்டார் என்றும் கேட்பார். ஒரு முறையாவது அவர் எதையாவது திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்றும் பார்ப்பார்.

பரஸ்பர நிதியில் இது எப்படி நடக்கிறது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள்.

விண்ணப்ப நேரம்: யூனிட்டுகளைத் திருப்பித் தரும் விண்ணப்பம் பிற்பகல் 3 மணிக்குள் வந்தால் அன்றைய விலை, அதன் பிறகு வந்தால் அடுத்த வேலை நாள் விலை என்பது பெரும்பாலான திட்டங்களில் விதி. சந்தை முடிந்து விலைப்போக்கு தெரிந்த பிறகு வேண்டியவருக்கு மட்டும் பழைய நேரத்தைக் குத்திக் கொடுத்தால் அந்த லாபம் மற்றவர்கள் பையிலிருந்துதான் போகும். ஆகவே நேரமுத்திரை இயந்திரத்தின் வரிசை எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, இயந்திரத்தைத் திறந்து நேரத்தை மாற்ற வழி உண்டா என்று தணிக்கையாளர் பார்க்கிறார். சில விண்ணப்பங்களை எடுத்து, முத்திரையிலிருந்து வங்கி வரவு வரை ஒவ்வொரு படியாகப் பின்தொடர்கிறார்.

வர்த்தக அறை: எதை வாங்குவது என்று நிதி மேலாளர் முடிவு செய்கிறார். சந்தையில் வாங்குபவர் வர்த்தகர். பணம் செலுத்திக் கணக்கை முடிப்பது வேறொரு பிரிவு. நிதி பெரிய அளவில் வாங்கப் போகிறது என்று முன்கூட்டியே அறிந்தவர் தமக்கு வேண்டியவர் பெயரில் முதலில் வாங்கிவிட்டால், விலை ஏறியதும் நிதிக்கே விற்று லாபம் பார்க்கலாம். ஆக்சிஸ் பரஸ்பர நிதியின் முன்னாள் தலைமை வர்த்தகர் உள்ளிட்ட 21 தரப்பினருக்கு இத்தகைய குற்றச்சாட்டில்தான் செபி 2023 பிப்ரவரியில் இடைக்காலத் தடை விதித்தது. வர்த்தக அறைத் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்வதும், பணியாளர்களின் சொந்த முதலீடுகளுக்கு முன் அனுமதி கேட்பதும் இதற்கான கட்டுப்பாடுகள். பதிவு இருந்தால் மட்டும் போதாது. அதை யாராவது கேட்கிறார்களா என்பதையும் தணிக்கையாளர் பார்க்க வேண்டும்.

சொத்து இருப்பு: மேலாண்மை நிறுவனத்தின் பட்டியலில் ஒரு பத்திரம் இருக்கிறது என்றால், காப்பாளரிடம் அது உண்மையில் இருக்கிறதா? இதை மேலாண்மை நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்வது தணிக்கை ஆகாது. காப்பாளரிடமிருந்தும் வங்கியிடமிருந்தும் தணிக்கையாளருக்கு நேராக உறுதிக் கடிதம் வர வேண்டும். 2009 ஜனவரியில் வெளியான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடியில், இல்லாத வங்கி இருப்பு ஆண்டுக்கணக்கில் இருப்பதாகக் காட்டப்பட்டது. வங்கியை நேரில் கேட்பது எவ்வளவு முக்கியம் என்று நாடு கற்றுக்கொண்ட பாடம் அது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், நிதிநிலை சார்ந்த உள்கட்டுப்பாடுகள் போதுமானவையா, செயல்படுகின்றனவா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் தனியாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

ஒரு சிறு கணக்கு

உள்கட்டுப்பாடுகளில் மிக நுட்பமானது மதிப்பீடு. இதை ஒன்பதாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய கணக்கால் விளக்கலாம்.

ஒரு திட்டத்தின் மொத்தச் சொத்து ரூ.102 கோடி. கொடுக்க வேண்டியவை ரூ.2 கோடி. யூனிட்டுகள் 5 கோடி. நூறு கோடியை ஐந்து கோடியால் வகுத்தால் ஒரு யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு ரூ.20.

அந்தச் சொத்தில் ஒரு கடன் பத்திரம் ரூ.10 கோடி என்று எழுதப்பட்டிருக்கிறது. அதன் உண்மை மதிப்பு ரூ.8 கோடிதான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் யூனிட்டின் சரியான மதிப்பு ரூ.19.60. இந்த நிலையில் 10,000 யூனிட் வைத்திருக்கும் ஒருவர் விலகினால் அவர் கைக்கு ரூ.2,00,000 போகிறது. சரியாகப் பார்த்தால் ரூ.1,96,000 தான் போக வேண்டும். கூடுதலாகப் போன ரூ.4,000 யாருடையது? விலகாமல் உள்ளே இருப்பவர்களுடையது.

விலை தவறாக இருந்தால் ஒருவர் பணம் இன்னொருவர் கைக்கு மாறுகிறது. திருட்டு என்று சொல்ல யாரும் இல்லை, பூட்டு உடையவில்லை, ஆனாலும் பணம் இடம் மாறிவிட்டது. நமக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் பலர் பணம் போட்டிருந்த யூனிட் டிரஸ்டின் யூ.எஸ்.-64 திட்டத்தை இங்கே நினைவுகூரலாம். 1964-இல் தொடங்கிய அத்திட்டத்தின் விலை, சொத்தின் சந்தை மதிப்போடு கட்டப்படாமல் நிர்வாகத்தால் அறிவிக்கப்பட்டு வந்தது. இரண்டுக்கும் இடைவெளி பெருகி, 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவது ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டது. அறிவிக்கப்பட்ட விலையை நம்பிக் கடைசி வரை இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் ஒவ்வொரு பத்திரத்துக்கும் இந்த விலை எங்கிருந்து வந்தது என்று தணிக்கையாளர் கேட்கிறார். கடன் பத்திரங்களுக்கு வெளி மதிப்பீட்டு நிறுவனங்கள் விலை தருகின்றன. அந்த விலையிலிருந்து நிர்வாகம் விலகினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நிதி மேலாளரே தாம் வாங்கிய பத்திரத்துக்கு விலை போடுவது, ஆசிரியர் தம் பிள்ளையின் விடைத்தாளைத் தாமே திருத்துவது போன்றது.

2020 ஏப்ரல் 23

இனி நடந்த ஒன்றைப் பார்ப்போம். இந்தியாவின் முதல் தனியார் பரஸ்பர நிதி 1993-இல் தொடங்கப்பட்ட கோத்தாரி பயனீர். சென்னையைச் சேர்ந்த கோத்தாரி குழுமம் அதில் பங்காளி. 2002-இல் அந்த நிதி பிராங்க்ளின் டெம்பிள்டன் வசம் வந்தது. அந்த வகையில் சென்னைக்கு நெருக்கமான பெயர் அது.

கொரோனா ஊரடங்கின் நடுவே, 2020 ஏப்ரல் 23 அன்று பிராங்க்ளின் டெம்பிள்டன் தன் கடன் பத்திரத் திட்டங்கள் ஆறினை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அவற்றில் இருந்த தொகை சுமார் ரூ.25,000 கோடி, முதலீட்டாளர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், பத்திரங்களை விற்கச் சந்தை இல்லை என்று நிறுவனம் காரணம் சொன்னது. குறுகிய காலத் திட்டம், அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் பணம் போட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் முதலீட்டாளர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. பல ஊர்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர்நீதிமன்றத்துக்கு மாற்றியது. யூனிட்தாரர்களின் ஒப்புதல் இல்லாமல் திட்டங்களை முடிக்கக் கூடாது என்று அந்த நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே செபி, சோக்ஸி அண்டு சோக்ஸி என்ற தணிக்கை நிறுவனத்தைத் தடயத் தணிக்கைக்கு நியமித்தது. ஆண்டுத் தணிக்கை எல்லா ஏற்பாடுகளையும் மாதிரி எடுத்துப் பார்ப்பது. தடயத் தணிக்கையோ ஒரு நிகழ்வு ஏன் நடந்தது என்று தோண்டிப் பார்ப்பது. அதன் பிறகு 2021 ஜூன் 7 அன்று செபி பிறப்பித்த ஆணையில் சொன்ன குறைகளை உள்கட்டுப்பாட்டின் கண்ணால் படித்தால் நமக்குப் பல விஷயங்கள் விளங்கும்.

முதல் குறை, கால அளவு. முதல் தொகை பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் ஒரு பத்திரத்தில் இடையே வட்டி மாற்றும் நாள் ஒன்று இருந்தால், அந்த நாளையே முதிர்வு நாளாகக் கணக்கிட்டார்கள் என்றது செபி. அதனால் நீண்ட காலப் பத்திரங்கள் குறுகிய காலத் திட்டத்துக்குள் வந்து அமர்ந்தன. பெயர்ப்பலகையில் குறுகிய காலம், உள்ளே நீண்ட காலம். இரண்டாவது, வெவ்வேறு பெயருள்ள திட்டங்களில் ஏறக்குறைய ஒரே வகையான, அதிக வட்டியும் அதிக ஆபத்தும் உள்ள பத்திரங்கள் இருந்தன. மூன்றாவது, சில பத்திரங்களில் முன்கூட்டியே பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை இருந்தும் நெருக்கடி நேரத்தில் அதைப் பயன்படுத்தவில்லை. நான்காவது, மதிப்பீட்டில் குறைபாடுகள். ஐந்தாவது, முதலீட்டுக்கு முன் செய்ய வேண்டிய ஆய்வுக்கும் ஆபத்தைக் கண்காணித்ததற்கும் போதிய பதிவுகள் இல்லை.

கட்டணமாகப் பெற்ற ரூ.451.63 கோடியை வட்டியுடன் முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரவும், ரூ.5 கோடி அபராதம் செலுத்தவும், இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய கடன் பத்திரத் திட்டம் எதையும் தொடங்காதிருக்கவும் செபி உத்தரவிட்டது. நிறுவனம் இதை ஏற்காமல் பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. தீர்ப்பாயம் ரூ.250 கோடியைச் செலுத்தச் சொல்லி இடைக்காலத் தடை வழங்கியது. ஆகவே மேலே உள்ளவை செபியின் முடிவுகள். நிறுவனம் மறுத்தவை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

முதலீட்டாளர்களின் பணம் என்ன ஆயிற்று? உச்ச நீதிமன்றம் எஸ்.பி.ஐ. ஃபண்ட்ஸ் மேனேஜ்மென்ட் நிறுவனத்திடம் பத்திரங்களை விற்றுப் பணம் வழங்கும் பொறுப்பை ஒப்படைத்தது. 2021 பிப்ரவரியில் முதல் தவணையாக ரூ.9,122 கோடி வழங்கப்பட்டது. பின்னர் படிப்படியாக, மொத்தத்தில் திட்டங்கள் மூடப்பட்ட நாளின் மதிப்பைவிடக் கூடுதலான தொகை முதலீட்டாளர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இந்த முடிவை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பத்திரங்கள் காப்பாளரிடம் தனியாக இருந்தன. யாருக்கு எத்தனை யூனிட் என்ற பதிவேடு தனியாக இருந்தது. அதனால்தான் வேறொரு நிறுவனம் வந்து விற்று, உரியவருக்கு உரிய பங்கைக் கொடுக்க முடிந்தது. பொருளைக் காக்கும் கட்டுப்பாடு வேலை செய்தது. செபி குறை கண்டது முடிவெடுப்பதையும் மதிப்பிடுவதையும் கண்காணிப்பதையும் சார்ந்த கட்டுப்பாடுகளில். அங்கே ஏற்பட்ட தளர்வுக்கு மக்கள் கொடுத்த விலை காத்திருப்பு. மகள் கல்யாணத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பணம் எடுக்க நினைத்தவருக்கு, பல மாதங்கள் கழித்து முழுத் தொகையும் வந்தது என்பது அரை ஆறுதல்தான்.

மயிலாப்பூரின் நிதி

பரஸ்பரம் என்ற சொல் சென்னைக்குப் புதிதன்று. உறுப்பினர்களே பணம் போட்டு, உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே வேரூன்றின. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் அவற்றுள் ஒன்று. தலைமுறை தலைமுறையாக இப்பகுதிக் குடும்பங்கள் அதில் வைப்பு வைத்து வந்தன. முதிர்ந்த வைப்புத் தொகையும் வட்டியும் கிடைக்கவில்லை என்று வைப்பாளர்கள் புகார் கொடுத்ததன் பேரில், 2024 ஆகஸ்டில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவரைத் தமிழ்நாடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. எது எங்கே தவறியது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் இங்கே பேசுவது அமைப்பில் உள்ள வேறுபாட்டை மட்டும்.

நிதி நிறுவனமும் பரஸ்பர நிதியும் பெயரில் நெருக்கமானவை, கட்டமைப்பில் வேறானவை. நிதி நிறுவனம் செபியின் கீழ் வராது. மத்திய அரசின் நிறுவனங்கள் விவகார அமைச்சகத்தின் கீழ், 2014-ஆம் ஆண்டு நிதி விதிகளின்படி இயங்குவது. வைப்பு வாங்குவது, கடன் கொடுப்பது, அடமானத்தை மதிப்பிடுவது, பத்திரத்தைப் பெட்டியில் வைப்பது, பதிவேட்டை எழுதுவது எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும். தனிக் காப்பாளர் இல்லை, தனி அறங்காவலர் இல்லை.

இதற்கு ஈடாக விதிகளில் வேறு கட்டுப்பாடுகள் உண்டு. சொந்த நிதியைப் போல் இருபது மடங்குக்கு மேல் வைப்பு வாங்கக் கூடாது. வைப்பில் பத்து சதவீதத்துக்குக் குறையாத தொகையை எந்தப் பிணையும் இல்லாமல் வங்கியிலோ அஞ்சலகத்திலோ போட்டு வைக்க வேண்டும். நகை, சொத்து போன்ற ஈட்டின் பேரில் உறுப்பினருக்கு மட்டுமே கடன் தரலாம். இந்த விதிகளை எல்லாம் நிறுவனம் பின்பற்றுகிறது என்று தணிக்கையாளர் ஆண்டுதோறும் சான்றிதழ் தர வேண்டும். அது தணிக்கை அறிக்கையோடு இணைக்கப்பட வேண்டும்.

கைகள் குறைவாக இருக்கும் இடத்தில் தணிக்கையாளரின் பொறுப்பும் உறுப்பினரின் விழிப்பும் கூடுகின்றன. நூற்றைம்பது ஆண்டுப் பெயரும், தெரிந்தவர் நடத்துகிறார் என்ற நம்பிக்கையும் அந்தச் சான்றிதழுக்கு மாற்றாக மாட்டா. வங்கி வைப்புக்கு ரூ.5 லட்சம் வரை உள்ள காப்பீடு நிதி நிறுவன வைப்புக்குக் கிடையாது. பரஸ்பர நிதிக்கும் கிடையாது.

தணிக்கை சொல்லாதவை

தணிக்கையாளர் தருவது நியாயமான அளவு உறுதி. முழு உறுதி அன்று. காரணங்கள் எளியவை. அவர் எல்லாப் பரிவர்த்தனைகளையும் பார்ப்பதில்லை, மாதிரிகளை எடுத்துப் பார்க்கிறார். திருத்துபவரும் சரிபார்ப்பவரும் கூடிப் பேசிக்கொண்டால் எந்தக் கட்டுப்பாடும் தோற்கும். மேலிடமே விதியை மீறச் சொன்னால் கீழே உள்ளவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தணிக்கை பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பற்றியது. நாளை நடப்பதற்கு அது பொறுப்பேற்காது.

இன்னொன்றும் உண்டு. எல்லாக் கட்டுப்பாடும் செம்மையாக இருந்தாலும் சந்தை இறங்கினால் நம் பணம் குறையும். தேர்வு நேர்மையாக நடந்தது என்ற சான்று, எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள் என்று பொருள்படாது. “தணிக்கை செய்யப்பட்டது, பயப்படாதீர்கள்” என்று சொல்பவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களுக்குச் சரிபார்ப்பது பழகிய வேலை. அதைச் சொந்தப் பணத்திலும் செய்யலாம்.

1. காசோலையும் இணையப் பணமாற்றமும் திட்டத்தின் பெயருக்கே போக வேண்டும். முகவர் எவ்வளவு நெருங்கியவரானாலும் அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பக் கூடாது.

2. பதிவாளரிடமிருந்து வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை நம் குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும். முகவர் தரும் அழகான அச்சுத்தாள் இதற்கு ஈடாகாது. அறிக்கை நம் மின்னஞ்சலுக்கு வருகிறதா, முகவரின் மின்னஞ்சலுக்குப் போகிறதா என்பதை இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

3. திட்டத்தின் பெயரை மட்டும் படிக்காமல், மாதந்தோறும் வெளியாகும் முதலீட்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள், தரமதிப்பீடு என்ன, எப்போது திரும்பும்? 2020-க்குப் பிறகு கடன் திட்டங்கள் எளிதில் பணமாகும் சொத்துகளில் குறைந்தது பத்து சதவீதம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும், ஆபத்தின் அளவைக் காட்டும் கட்ட அட்டவணையும் வந்திருக்கின்றன. ஆபத்துமானி முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

4. ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் கருத்து ஒரு பக்கம்தான். “தவிர”, “உட்பட்டு”, “கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்” என்ற பொருளில் வரும் வரிகளைத் தேடுங்கள். ஆண்டாய்வு அறிக்கையில் குறைகள் எந்த நடையில் எழுதப்படும் என்று நமக்குத் தெரியுமே!

5. நிதி நிறுவனமானால் தணிக்கையாளரின் ஆண்டுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் உறுப்பினர், கேட்பது உங்கள் உரிமை. காட்டத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

6. பரஸ்பர நிதி பற்றிய குறையை முதலில் நிறுவனத்திடமும், தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்திலும் எழுத்தில் பதிய வேண்டும்.

வகுப்பறைக்கு

தொடக்க வகுப்புகளில் வகுப்பு நூலகத்தை வைத்தே இதைத் தொடங்கலாம். புத்தகம் கொடுப்பவர் ஒருவர், பதிவேடு எழுதுபவர் இன்னொருவர், வெள்ளிக்கிழமை அலமாரியை எண்ணிப் பார்ப்பவர் மூன்றாமவர். பொறுப்புகளை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். எண்ணிக்கை குறைந்தால் யாரையும் குற்றம் சொல்லாமல், எந்த இடத்தில் விடுபட்டது என்று பதிவேட்டை வைத்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

உயர்நிலை வகுப்புகளில் மேலே உள்ள ரூ.20, ரூ.19.60 கணக்கைக் கொடுங்கள். விடை வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: விலை தவறு என்று முதலில் தெரிந்துகொண்டவர் என்ன செய்வார், தெரியாதவருக்கு என்ன ஆகும்? வகுத்தல் கணக்கு அங்கே நியாயம் பற்றிய உரையாடலாக மாறும். மேல்நிலை வணிகவியல், கணக்குப்பதிவியல் மாணவர்களிடம் ஏதாவது ஒரு திட்டத்தின் மாதப் பட்டியலை எடுத்துவரச் சொல்லி, திட்டத்தின் பெயரும் உள்ளே இருப்பதும் பொருந்துகின்றனவா என்று ஆராயச் செய்யலாம்.

இந்த மாணவர்கள்தான் நாளை வங்கியிலும் தணிக்கை அலுவலகத்திலும் பதிவாளர் நிறுவனத்திலும் உட்காரப் போகிறவர்கள். இன்னொருவர் வேலையைச் சரிபார்ப்பது அவரை அவமதிப்பது ஆகாது, தன் வேலையைச் சரிபார்க்க விடுவதும் தாழ்வாகாது என்ற பழக்கத்தைப் பள்ளியிலிருந்தே எடுத்துச் சென்றால், அவர்கள் இடும் கையொப்பத்துக்கு மதிப்பு இருக்கும்.